பேர் எழுதாத கூலி

காலை ஆறு மணிக்கு முன்னரே சந்தியில் ஆட்கள் வந்து நிற்கத் தொடங்கிவிடுவார்கள். மடித்துக் கட்டிய சாறம், கையில் ஒரு சொப்பிங் பை. அதற்குள் மத்தியானச் சோற்றுப் பொதி, ஒரு போத்தல் தண்ணீர், மாற்றுச் சேட்டு. மண்வெட்டி உள்ளவர் அதையும் தோளில் வைத்திருப்பார். உழவு இயந்திரப் பெட்டி ஒன்று வந்து நிற்கும். "பத்துப் பேர்" என்று குரல் வரும். பத்துப் பேர் ஏறிவிடுவார்கள். மற்றவர்கள் அடுத்த வாகனத்துக்காகத் திரும்பவும் வீதியைப் பார்ப்பார்கள். எட்டரை மணியாகிவிட்டால் இனி ஒன்றும் வராது. கட்டிய சோற்றை வீட்டுக்குக் கொண்டுபோய் அவிழ்க்க வேண்டியதுதான். மத்தேயு நற்செய்தியிலே திராட்சைத் தோட்டக்காரன் பின்னேரம் வரை சந்தையில் நின்றவர்களையும் கூப்பிட்டு முழுக்கூலி கொடுத்தான். எமது சந்திகளில் அப்படி ஒருவரையும் நாம் இன்னும் காணவில்லை.

அங்கே நிற்பவர்களுள் அரைவாசிப் பேர் ஒரு காலத்தில் ஆட்களுக்குக் கூலி கொடுத்தவர்கள். 1990 ஆனியில் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பியவர்கள் தோட்டக்காரர்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் போய்ச் சேர்ந்த முஸ்லிம் குடும்பங்களிலும் வயலும் தோட்டமும் வைத்திருந்தவர்கள் இருந்தனர். அவர்களுட் பலர் கற்பிட்டி வெங்காயத் தோட்டங்களிலும் உப்பளங்களிலும் கூலிக்கு இறங்கினார்கள். 2006இல் சம்பூரை விட்டு ஓடியவர்களும், 2009இல் வன்னியிலிருந்து செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குள் வந்தவர்களும் மண்ணை நம்பி வாழ்ந்த சனந்தான். மெனிக் பாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. பலருக்குக் காணி திரும்பிக் கிடைத்தது, சிலருக்கு இன்னும் இல்லை. கிடைத்தவர்களுக்கும் வரம்பு அழிந்து, கிணறு தூர்ந்து, பற்றை மூடிய காணிதான் கிடைத்தது. அதைத் திருத்தக் காசு வேண்டும். காசுக்குக் கூலிக்குப் போக வேண்டும். ஆகவே காணி உள்ளவரும் இல்லாதவரும் இன்று ஒரே சந்தியில் நிற்கிறார்கள்.

கமக்காரன் ஆண்டுக் கணக்கில் வாழ்ந்தவன். பெரும்போகம் என்ன தந்தது, சிறுபோகத்துக்குக் குளத்தில் எவ்வளவு தண்ணீர், பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் எத்தனை ஏக்கருக்கு அனுமதி என்றுதான் அவனுடைய மனம் ஓடும். கூலிக்குப் போனபின் கணக்கு ஒரு நாளுக்குச் சுருங்கிவிட்டது. பின்னேரம் கையில் வருவது எவ்வளவு என்பதோடு கதை முடிகிறது. இந்தச் சுருங்கிய கணக்கு எம்மை எப்படி ஏமாற்றுகிறது என்பதைத்தான் இம்முறை பேச விரும்புகிறோம்.

சராசரி என்ற சொல்

இந்த நாட்டில் சாதாரணமாக ஒரு குடும்பம் எவ்வளவு உழைக்கிறது? குடிசன மதிப்பீட்டுப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் எடுத்த கணக்கெடுப்பின்படி ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபா. இதை வாசித்ததும் "நாங்கள்தான் இந்த நாட்டிலே கடைசி ஆட்கள்" என்று ஒரு தாய் எம்மிடம் பெருமூச்சு விட்டார். ஆனால் அதே கணக்கெடுப்பில் இன்னோர் எண்ணும் உண்டு. எல்லாக் குடும்பங்களையும் வருமானப்படி வரிசையாக நிறுத்தினால் நடுவிலே நிற்கும் குடும்பத்தின் வருமானம் 53,333 ரூபா. அதாவது நாட்டின் அரைவாசிக் குடும்பங்கள் இதற்குக் கீழேதான்.

இரண்டு எண்ணுக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஒரு ஒழுங்கையில் ஐந்து வீடுகள் என்று வைப்போம். நான்கு வீடுகளில் முறையே 20,000, 20,000, 25,000, 30,000 ரூபா வருகிறது. ஐந்தாவது வீடு அரிசி ஆலைக்காரருடையது, அங்கே 300,000. ஐந்தையும் கூட்டி ஐந்தால் பிரித்தால் சராசரி 79,000. நான்கு வீட்டார் அந்தக் காசைக் கண்ணாலும் கண்டதில்லை. நடுவீட்டு வருமானம் 25,000, அதுதான் ஒழுங்கையின் உண்மை நிலை. நாட்டின் கதையும் இதுதான். 2019இல் மொத்த வருமானத்தில் அரைவாசிக்குச் சற்றுக் கூடுதலானதை மேல்மட்டத்து ஐந்திலொரு பங்குக் குடும்பங்கள் எடுத்துக்கொண்டன. அடிமட்டத்து ஐந்திலொரு பங்கினருக்கு நூற்றுக்கு ஐந்துகூடக் கிடைக்கவில்லை. இனி யாராவது மேடையில் சராசரி வருமானம் உயர்ந்துவிட்டது என்று சொன்னால், நடுவீட்டில் என்ன நிலை என்று கேளுங்கள்.

தொழிலைப் பார்த்தால், வேலை செய்வோரில் ஏறத்தாழ நான்கிலொருவர் விவசாயத்தில், இன்னொரு நான்கிலொருவர் அளவில் தொழிற்றுறையில், மீதி ஏறத்தாழ அரைவாசிப் பேர் கடை, போக்குவரத்து, அரச சேவை போன்றவற்றில் இருக்கிறார்கள். எமது சனம் செய்வது இதற்குள் எங்கே அடங்குகிறது? மேசனுக்குக் கையுதவி, சீமெந்துக் கல் அரிதல், ஆலையில் மூட்டை தூக்குதல், வீதிக்குக் கிரவல் பரவுதல், வாடகை முச்சக்கர வண்டி ஓட்டுதல் எல்லாம் ஆண்களுக்கு. களை பிடுங்குதல், வெங்காயம் நடுதல், மிளகாய்ப் பழம் ஆய்தல், நண்டு பதனிடும் நிலையம், ஆடைத் தொழிற்சாலை, துணிக்கடை என்பன பெண்களுக்கு. சிலர் மத்திய கிழக்குக்கு வீட்டுவேலைக்குப் போயிருக்கிறார்கள். அதைப்பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுத வேண்டும். நாட்டில் உழைப்போரில் அரைவாசிக்கு மேற்பட்டோர் முறைசாராத் துறையில் இருப்பதாக அரசின் கணக்குகளே சொல்கின்றன. அந்தச் சொல்லின் பச்சையான கருத்து, கணக்குப் புத்தகம் இல்லாத இடம் என்பதுதான்.

சட்டம் சொல்லும் தொகை

ஒருவரை வேலைக்கு வைத்தால் இதற்குக் குறையக் கொடுக்கக் கூடாது என்று நாடு முழுவதற்கும் ஒரு தொகை இருப்பது பலருக்குத் தெரியாது. தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் 2016இல் வந்தது. அப்போது மாதம் 10,000 ரூபா, நாளுக்கு 400. 2021இல் 12,500 ஆகவும் நாளுக்கு 500 ஆகவும் உயர்ந்தது. அதன்பின் நடந்ததை மறக்க முடியாது. 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. முந்திய ஆண்டு நூறு ரூபாவுக்கு வாங்கிய உணவுச் சாமானுக்குக் கிட்டத்தட்ட 195 ரூபா கொடுத்தோம். அந்த நேரத்திலும், நிவாரணப்படி நீங்கலாக, சட்டத்திலிருந்த நாட்சம்பளம் அதே 500 ரூபாதான். 2024 செப்டெம்பரிலேதான் அது 700 ஆகவும் மாதத்துக்கு 17,500 ஆகவும் மாறியது. பின்னர் பழைய நிவாரணப்படிகளையும் சேர்த்து 2025 ஏப்ரல் முதல் மாதம் 27,000, நாளுக்கு 1,080 என்றும், 2026 ஜனவரி முதல் மாதம் 30,000, நாளுக்கு 1,200 என்றும் திருத்தப்பட்டது.

இதில் ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று என்று இல்லை. வயலிலே ஆண் வரம்பு கட்டுகிறான், பெண் களைதானே பிடுங்குகிறாள் என்று குறைத்துக் கொடுக்கும் வழக்கம் எமது ஊர்களில் இன்னும் உண்டு. குனிந்த முதுகு நிமிராமல் ஒரு நாள் நெல்லுக்குள் நின்று பார்த்தால் அந்த நியாயம் எவ்வளவு தூரம் நிற்கும் என்று தெரியும். தேயிலைத் தோட்டங்களிலே ஆண் பெண் நாட்சம்பளம் 1984இல் சமமாயிற்று. எமது வயல்கள் அந்த விடயத்தில் பின்னிற்கின்றன.

நாட்கூலிக்காரர் ஒருவரோடு இருந்து நாம் ஒரு கணக்குப் பார்த்தோம். அவருடைய மகள் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறாள். தகப்பனுக்கு அது பிடிக்கவில்லை. "நான் நாளுக்கு 1,800 ரூபா எடுக்கிறன். பிள்ளை நாள் முழுக்க மெசினிலை இருந்து 1,200 ரூபாவுக்குச் சாகிறாள்" என்றார். அவருடைய கணக்கில் பிழை இல்லை, அது ஒரு நாள் கணக்கு. ஆண்டிலே எத்தனை நாள் வேலை கிடைக்கும் என்று கேட்டோம். "ஒரு 250 நாள் வரும்" என்றார். சரி, மாதம் மாதமாக எண்ணுவோம் என்று உட்கார்ந்தோம். ஞாயிற்றுக்கிழமை 52. கார்த்திகை, மார்கழி மழை. பொங்கல், நத்தார், பெரிய வியாழன் முதல் உயிர்ப்பு ஞாயிறு வரை, கோயில் திருவிழா. செத்தவீடு, கலியாணவீடு. இரண்டு தரம் காய்ச்சல். முன்பு அருவி வெட்டு என்றால் வாரக்கணக்கில் வேலை இருந்தது, இப்போது அறுவடை இயந்திரம் ஒரு பின்னேரத்தில் வயலை முடித்துவிட்டுப் போகிறது. சந்தியில் நின்று திரும்பி வந்த நாட்களை மனைவிதான் ஞாபகப்படுத்தினார். அவர் சொல்லச் சொல்லத் தகப்பன் பேசாமல் இருந்தார். கடைசியில் வந்தது 160 நாள்.

160 நாளை 1,800 ஆல் பெருக்கினால் 288,000. பன்னிரண்டால் பிரித்தால் மாதம் 24,000 ரூபா.

மகளுக்கு அடிப்படை 30,000. அதில் நூற்றுக்கு எட்டாகிய 2,400 கழித்துக் கையில் 27,600. கழித்ததும் தொலையவில்லை, அது ஊழியர் சேமலாப நிதிக்குப் போகிறது. முதலாளி தன் பங்காக நூற்றுக்குப் பன்னிரண்டு, அதாவது 3,600 ரூபா அதோடு சேர்க்க வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னொரு 3 வீதமாக 900 ரூபா போட வேண்டும், அதிலே பிள்ளையிடம் ஒரு சதமும் கழிக்கக் கூடாது. மேலதிக நேரம் செய்தால் மணிக்கணக்கில் ஒன்றரை மடங்கு. இதனால் தொழிற்சாலை சொர்க்கம் என்று நாம் சொல்லவில்லை. பிள்ளை விடிய ஐந்து மணிக்கு பஸ் ஏறுகிறாள், இருண்டபின் வருகிறாள். ஒரு நாள் லீவு எடுத்தால் வருகைக் கொடுப்பனவு போய்விடுகிறது. மணிக்கு இத்தனை துண்டு என்ற இலக்கு கழுத்தைப் பிடிக்கிறது. தகப்பன் கவலைப்படுவதற்குக் காரணம் உண்டு. ஆனால் அவர் நினைத்த காரணம் அதுவல்ல.

நெட்டை அண்ணை

கூலியிலே தொகையைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது என்பதை எமக்குக் காட்டியவர் இன்னொருவர். வன்னியில் மூன்று ஏக்கர் வயல் செய்தவர். இடம்பெயர்ந்தபின் ஒரு பட்டினத்தின் ஓரத்தில் சீமெந்துக் கல் அரியும் இடமொன்றில் ஏழு ஆண்டுகள் வேலை செய்தார். முதலாளி கொடுமைக்காரர் அல்லர். சனிக்கிழமை பின்னேரம் பிசகாமல் காசு கொடுப்பார். பள்ளிக்கூடம் தொடங்கும்போது முற்பணம், நத்தாருக்கு உடுப்பு. ஏழாம் ஆண்டில் அண்ணருக்கு முதுகெலும்பு பழுதாகி இனிப் பாரம் தூக்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். வேலையை விடும்போது, சேமலாப நிதி ஏதும் உண்டோ என்று கேட்டார். "நீங்கள் நாட்கூலிதானே அண்ணை. அது மாதச் சம்பளக்காரருக்குத்தான்" என்று பதில் வந்தது.

அந்தப் பதில் பிழை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நிரந்தர ஊழியருக்கு மட்டும் உரியதன்று. தற்காலிகம், அமயம், நாட்கூலி, துண்டுக் கணக்கு, பயிலுனர் யாராக இருந்தாலும் வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்தே அது அவரைச் சேரும். வீட்டுவேலை போன்ற சில விலக்குகள் உண்டு, கல் அரிதல் அதில் இல்லை. இதை ஒருவர் விளக்கிச் சொல்ல, அண்ணர் தொழில் அலுவலகத்துக்குப் போனார். அங்கே கேட்ட முதற்கேள்வி: சம்பளத் துண்டு இருக்கிறதா? இல்லை. நியமனக் கடிதம்? இல்லை. முதலாளியின் கொப்பியைக் கொண்டுவரச் செய்து பார்த்தார்கள். ஏழு ஆண்டுக் கொப்பியிலும் அவருடைய பேர் இல்லை. "நெட்டை அண்ணை" என்று எழுதியிருந்தது.

இதில் முதலாளிமாரை மட்டும் குறை சொல்ல முடியாது. எமது சனமே பேர் பதியத் தயங்கியது. எட்டு வீதம் வெட்டினால் சனிக்கிழமைக் காசு குறையும், கடைக்காரருக்குச் சொன்ன சொல் பிசகும். வட்டிக்குக் கடன் உள்ள வீட்டிலே ஐம்பத்தைந்து வயதில் வரும் காசைப்பற்றி யாருக்குக் கவலை? இன்னொரு காரணமும் உண்டு, அது ஆழமானது. "இது தற்காலிகந்தானே, அடுத்த போகத்துக்கு ஊருக்குப் போய்விடுவோம்" என்று ஒவ்வோராண்டும் சொன்னோம். தற்காலிகக் கொட்டிலுக்கு ஆர் சீமெந்து போடுவார்? வேலையையும் அப்படித்தான் பார்த்தோம். சிலருக்கு அந்தத் தற்காலிகம் முப்பது ஆண்டைத் தாண்டிவிட்டது.

25 நாள் வேலை செய்து 30,000 எடுக்கும் ஒருவருக்கு இரு பங்கும் சேர்ந்து மாதம் 6,000 ரூபா சேரும். ஆண்டுக்கு 72,000, ஐந்தாண்டில் வட்டி இல்லாமலே 360,000. ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும் கையில் வரும். பெண்பிள்ளை கலியாணம் முடித்து வேலையை விட்டாலும் எடுக்கலாம். இடம் மாறினால் பணம் அழியாது. அடையாள அட்டை இலக்கத்தைக் கொண்டு வெவ்வேறு வேலைத்தலக் கணக்குகளை ஒன்றாக்கலாம். ஆகவே முதலாளி பதிந்த அடையாள அட்டை இலக்கம் சரிதானா என்று ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள். முகாமிலே அவசரத்தில் எடுத்த அட்டைகளில் பேரின் எழுத்து மாறியிருப்பதும் உண்டு. பதினைந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் ஐந்தாண்டு முடித்தால் பணிக்கொடையும் உண்டு. நாட்சம்பளக்காரருக்கு ஓராண்டு சேவைக்கு 14 நாட் சம்பளம் என்பது கணக்கு.

வேலையிலே கை கால் போனாலோ உயிர் போனாலோ வேலையாள் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. அது 1934ஆம் ஆண்டிலிருந்தே உள்ள சட்டம். 2022இல் வந்த திருத்தத்தின்பின் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நேரும் விபத்தும் அதற்குள் அடங்கும். உழவு இயந்திரப் பெட்டியில் நெருக்கிக்கொண்டு போகும் எமது பெண்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறோம். ஆனால் அங்கேயும், இவர் இன்னாரிடம் வேலை செய்தார் என்று காட்ட வேண்டும்.

தோட்டத்துப் பேர்

இந்த விடயத்தில் மலையகத்தவரிடம் நாம் படிக்க வேண்டியது உண்டு. 1958, 1977, 1983 கலவரங்களின்பின் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து குடியேறியவர்கள் எமது வாசகர்களிலும் பலர். அவர்களுடைய பேச்சிலே ஒரு நாள் வேலைக்கே "பேர்" என்றுதான் பேர். "இந்த மாசம் எத்தனை பேர்?" என்று கேட்டால் எத்தனை நாள் வேலை என்பது பொருள். கொழுந்து நிறை குறைந்தால் "அரைப்பேர்". செக்ரோல் புத்தகத்தில் பேர் விழாவிட்டால் அன்று உழைத்தது உழைப்பே அல்ல. அரைப்பேர் என்பது அநியாயத்துக்கும் வழிவிட்ட முறைதான். எனினும் எழுத்து இருந்தபடியால் சண்டை பிடிக்க ஒரு பிடி இருந்தது. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானி வந்தது. 2024இல் 1,700 என்று ஒரு வர்த்தமானி வந்து வழக்கிலே நின்றுபோய், செப்டெம்பரில் 1,350 ஆயிற்று. 2026 வரவு செலவுத் திட்டத்தில் 1,550 ரூபாவும் அரசு கொடுக்கும் 200 ரூபா வருகைக் கொடுப்பனவுமாக 1,750 அறிவிக்கப்பட்டது. ஒவ்வொரு படியும் பல ஆண்டுக் கூச்சலுக்குப் பின்னரே வந்தது. கூச்சல் போடச் சங்கம் இருந்தது. எமது சந்தியில் நிற்பவர்களுக்குச் சங்கமும் இல்லை, செக்ரோலும் இல்லை.

செக்ரோல் இல்லாவிட்டால் நாமே ஒன்றை வைத்திருக்கலாம். நாற்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். திகதி, இடம், கூட்டிப்போனவர், செய்த வேலை, தந்த காசு, கூட வேலை செய்த இருவரின் பேர். வாகன இலக்கம் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். காசு வங்கிக்கோ கைத்தொலைபேசிக்கோ வந்தால் அந்தச் செய்தியை அழிக்க வேண்டாம். முதலாளியிடம் சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. வேலைக்குச் சேரும் நாளிலே, அடையாள அட்டையை நீட்டி, "ஐயா, என்ரை முழுப்பேரைப் பதிந்துவிடுங்கோ" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

கல் அரிந்த அண்ணரின் கதை இன்னும் முடியவில்லை. தொழில் அலுவலகத்தில் கூட வேலை செய்த இருவர் வந்து சாட்சி சொன்னார்கள். அதைவிட உதவியது அவருடைய மனைவியின் கலண்டர். கடைக்காரருக்குச் சொல்ல வேண்டுமே என்று, அவர் வேலைக்குப் போன நாட்களுக்கெல்லாம் சமையற்கட்டுக் கலண்டரில் பென்சிலால் வட்டம் போட்டு, பக்கத்தில் கூலியையும் எழுதி வைத்திருந்தார். உத்தியோகத்தர் அதை ஒவ்வொரு மாதமாகப் புரட்டிப் பார்த்துக் குறிப்பெடுத்தார். ஆனால் மூன்று ஆண்டுக் கலண்டர்தான் இருந்தது. மற்ற நான்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கொப்பிகளுக்கு உறையாகிவிட்டன. அவற்றுள் ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று இப்போது வீட்டில் பழைய கொப்பிகளைக் கிளறிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த விசாரணைக்குத் திகதி கொடுத்திருக்கிறார்கள்.